பால்கண்ணாடிக்கு மேலே ஒரு தலை

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில்
நாலு மணி நேரம் வரிசையில் நின்றபின்
டாக்டர் சொன்னார்:
ரொம்ப நேரம் உட்காராதீங்க.
பேரணாம்பட்டு பஸ்ஸில் இடமில்லை.
குடியாத்தம் தாண்டியும் நின்றே வந்தேன்.
அன்றைய மருந்து அதிலேயே முடிந்தது.

மறுநாள்
ஏற்றுமதிக்குத் தேறாத ஷூ டப்பா ஆறு,
மேலே ஒரு ப்ளைவுட் துண்டு,
அதன்மேல் மானிட்டர், கீபோர்டு.
இம்தியாஸ் பாய் கதவருகே நின்று பார்த்தார்.
"என்ன கஜபதி, கடை போட்டுட்டியா?"
"எல் நாலு, எல் அஞ்சு, பாய்."
அவருக்கும் எங்கோ ஒரு எலும்பு இருக்க வேண்டும்.
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அரை மணி உட்கார், அரை மணி நில்.
போனில் அலாரம்.
குதிகால் சுட்டது முதலில்.
பிறகு இடுப்பில் பதினோரு வருடம்
வாடகை தராமல் குடியிருந்த ஒன்று
கொஞ்சம் நகர்ந்து படுத்தது.
இன்வாய்ஸில் தப்பு குறைந்தது என்று சொல்லமாட்டேன்.
கொட்டாவி குறைந்தது.

மேசைக்கு எதிரே கண்ணாடிச் சுவர்.
உட்கார்ந்தவன் நெற்றி உயரத்துக்கு
பால்நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.
அந்த வெள்ளைக்கு அப்பால்
இத்தனை வருடம் வெறும் சத்தமாயிருந்த ஃபினிஷிங் லைன்
இப்போது தலைகளாய்த் தெரிந்தது.
ஒரு கனகாம்பரம், ஒரு நரை,
காதில் தீக்குச்சி செருகிய ஒருத்தி.
இரண்டு வரிசை, நாற்பது பேர்.
நாற்காலி என்று ஒன்றுகூட இல்லை.
இருப்புப் பதிவேட்டில் நானேதான் எழுதியிருக்கிறேன்:
நாற்காலி, ஆபீஸ் உபயோகம், பன்னிரண்டு.

மூன்றாம் நாள்தான் உறைத்தது.
நான் எழுந்தால் பிரஷ்கள் வேகமாகின்றன.
பேச்சு பாதியில் அறுகிறது.
வாய்க்குப் போன வேர்க்கடலை
கோட்டுப் பைக்கே திரும்புகிறது.
நான் உட்கார்ந்தால்
வெள்ளைக்கு அந்தப் பக்கம்
மெல்ல ஒரு சிரிப்பு முளைக்கிறது.
என் முதுகுக்கு எழுதிய மருந்து
நாற்பது பேருக்கு மேஸ்திரி ஆகியிருந்தது.

வியாழக்கிழமை ஓ.டி. சீட்டு வாங்க அமுலு வந்தாள்.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு பாலிஷ்.
"இன்னா சார், எங்க மேல இன்னா கம்ப்ளெயின்ட்டு?
எந்திரிச்சி எந்திரிச்சிப் பாக்கறீங்க?"
"பாக்கலம்மா. முதுகு வலி.
டாக்டர் நிக்கச் சொல்லிக்கிறாரு."
அவள் என் நாற்காலியைப் பார்த்தாள்.
கை வைத்தது, சக்கரம் வைத்தது,
ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும்.
காலால் லேசாகத் தள்ளினாள். கீச்.
"அந்த டாக்டரு பேரு சொல்லுங்க சார்,
நானும் போறேன்.
என்னை உக்காரச் சொல்றாரான்னு பாப்போம்."

என்னிடம் பதில் இல்லை.
கையெழுத்துக்குப் பேனா கொடுத்தேன்.

ஷிப்ட் விட்டதும்
மேசையைத் தூக்கித் திருப்பிப் போட்டேன்.
தூக்கக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.
இப்போது எனக்கு எதிரே சுவர்,
ஓதம், போன வருடக் காலண்டர்,
சின்ன ஜன்னலில் ஒரு துண்டு மலை.
மரமில்லை, வெறும் பாறை.
நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர்களுக்குத் தெரிவது என் பிடரி.
பிடரியைப் பார்த்து யாரும் வேகமாவதில்லை போல.
கடலை உடைகிற சத்தம் கேட்கிறது.
யாருடைய மாமியாரையோ யாரோ திட்டுகிறார்கள்,
முழுசாக, கடைசி வார்த்தை வரைக்கும்.

நேற்று டீ முடிந்து வந்து
நின்றபடியே அடித்துக்கொண்டிருந்தேன்.
ஆண்கள் ஷூ, கறுப்பு, ஆயிரத்து இருநூறு ஜோடி.
அலாரம் அடித்தது. உட்காரும் நேரம்.
கையைப் பின்னால் நீட்டினேன்.
காற்று.

லைன் பக்கம், தூரத்தில்,
கீச்.

யார் என்று கேட்கத் திரும்ப வேண்டும்.
திரும்பினால் பார்த்ததாகிவிடும்.

அலாரத்தை
இன்னும் அரை மணி தள்ளி வைத்தேன்.